பீடன் தெருவிலிருந்து ஹாத்திபாகானுக்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடகத்தைப் பற்றிச் சில சொல்ல வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நாடகம் என்றவுடன் நடிப்பும் பாட்டும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் திரை தூக்கப்படுவதற்கு முன்னர் எத்தனையோ பத்திரங்களில் கையொப்பம் இடப்பட்டிருக்கும். எத்தனையோ கடன்கள் வாங்கப்பட்டிருக்கும். நிலம் ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு, நடிகர்கள் இன்னொருவருக்கு என்று பாத்தியதைகள் பிரிந்து கிடக்கும். அந்தக் கணக்குப் பக்கத்தை இன்று சற்றே புரட்டிப் பார்க்க எண்ணுகிறேன். நாம் குடியேறி வாழும் இந்நகரத்தின் வரலாற்றிலிருந்தே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. லேக் மார்க்கெட் பக்கம் வாழும் நம்மவர்களில் பலர் வட கல்கத்தாவுக்குக் காளி பூசைக் காலத்திலன்றிப் போவதில்லை. போனாலும் ஹாத்திபாகானில் நிற்கும் பழைய நாடக அரங்கை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அவ்வரங்கு அங்கே வந்து சேர்ந்த கதைதான் இன்றைய என் பொருள்.

கிரீஷ் சந்திர கோஷ் 1844-இல் இந்நகரத்துப் பாக்பஜாரில் பிறந்தவர். வங்க நாடகத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். நடிகர், ஆசிரியர், நாடக நூலாசிரியர், மானேஜர் ஆகிய நான்கும் அவரே. இவற்றோடு அவர் கணக்கரும் ஆவார் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பார்க்கர் கம்பெனி என்னும் வெள்ளையர் வணிக நிலையத்தில் அவர் கணக்கு எழுதும் பணியில் இருந்தார். பகலில் பேரேடு, இரவில் ஒத்திகை என்று பல ஆண்டுகள் கழிந்தன. பேரேடு எழுதிய கை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் அவர் செய்த ஏற்பாடுகள் சில நமக்கு எளிதில் விளங்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1872-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் ஜோராசாங்கோவில் மதுசூதன் சான்யால் என்பாரின் மாளிகை முற்றத்தில் 'நீல் தர்ப்பண்' நாடகம் கட்டணம் வாங்கிக்கொண்டு நடிக்கப்பட்டது. செல்வர் வீட்டு அழைப்பு இல்லாதவரும் காசு கொடுத்து நாடகம் பார்க்கலாம் என்ற நிலை வங்கத்தில் அதனால் வேரூன்றத் தொடங்கியது. அந்தக் குழுவில் இருந்த கிரீஷ் சந்திரர் அப்போது விலகி நின்றார். தகுந்த மேடையும் காட்சித் திரைகளும் இன்றி, 'நேஷனல் தியேட்டர்' என்று பெரும் பெயர் சூட்டி நுழைவுச் சீட்டு விற்பது நாட்டிற்கே இழுக்கு என்பது அவருடைய கட்சி. சீட்டு விற்பதற்கு அன்று மறுப்புச் சொன்னவரே பின்னாளில் சீட்டு விற்பனையை நம்பி ஒரு கூட்டத்தையே காத்தார்.

பிரதாப் சந்த் ஜஹுரி என்னும் இரத்தின வணிகர் பீடன் தெருவிலிருந்த நேஷனல் தியேட்டரை வாங்கியபோது, கிரீஷ் சந்திரரை முழுநேர மானேஜராக வருமாறு அழைத்தார். பார்க்கர் கம்பெனியில் மாதம் 150 ரூபாய். ஜஹுரி கொடுத்ததோ 100 ரூபாய். ஐம்பது ரூபாய் நட்டத்தை அறிந்தே அவர் வேலையை உதறிவிட்டு வந்தார். ஜஹுரி வணிகர், நாடகத்தையும் கடையைப் போலவே நடத்தினார். அதில் நன்மையும் இருந்தது. நாள்தோறும் கணக்கு எழுதப்பட்டது; சம்பளம் தவறாது வழங்கப்பட்டது. ஆனால் நடிகர்களின் ஊதியத்தை உயர்த்தக் கேட்டபோது அவர் இணங்கவில்லை. தலைமை நடிகையாகிய வினோதினி காசிக்குச் சென்ற இடத்தில் நோயுற்றுத் திரும்பக் காலந்தாழ்ந்தபோது, வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்றார். மனக்கசப்பு முற்றியது. 1883-இன் தொடக்கத்தில் கிரீஷ் சந்திரர் தம் கூட்டத்தோடு வெளியேறினார்.

ஈண்டு ஒன்று சொல்ல வேண்டும். நம் தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிகள் இடம் பெயர்ந்தன என்றால், ஊர் விட்டு ஊர் பெயர்ந்தன என்றே பொருள். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் திரைகளையும் பெட்டிகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்க் கொட்டகை போடுவார்கள். கல்கத்தாவில் நடந்தது வேறு வகை. ஒரே நகரம், சில தெருக்களே இடைவெளி. சீட்டு வாங்குபவரும் அதே மக்கள்தாம். பழைய இடத்துக்குரியவர் புதிய இடத்துக்குப் போட்டியாளர் ஆகிவிடுவார். ஆகவே அங்கே ஒரு கூட்டம் இடம் மாறுவது ஒரு குடும்பம் பாகம் பிரிந்து எதிர் வீட்டுக்குக் குடிபோவதை ஒத்தது.

நிற்க. வெளியேறிய கூட்டத்திற்குத் திறமை இருந்தது, கூரை இல்லை. அப்போது வந்தவர் குர்முக் ராய். செல்வ வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இருபது வயதளவே ஆன இளைஞர். புதிய அரங்கம் ஒன்றைக் கட்டித் தர அவர் முன்வந்தார். ஆனால் அதற்கு அவர் கேட்ட விலை வினோதினி. அந்த அம்மையார் தம்முடைய ஆதரவில் வாழ வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை. வினோதினிக்கு அப்போது வயது ஏறத்தாழ இருபது. அவரை வேறொரு செல்வர் ஆதரித்து வந்த காலம் அது. கூட்டத்தார் அனைவரும் நாடகத்தின் பேரால் அவரிடம் வேண்டினர், ஆசிரியரும் வேண்டினார். அம்மையார் இணங்கினார். நாடகத்தை விட்டுவிட்டு வந்தால் ஐம்பதாயிரம் ரூபாய் ரொக்கமாகத் தருவதாகக் குர்முக் ராய் சொன்னதாகவும், தாம் அதை ஏலாமல் அரங்கமே வேண்டும் என்றதாகவும் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்நூல் 1912-இல் வெளிவந்தது.

பீடன் தெரு 68-ஆம் எண் மனையில் கட்டடம் எழுந்தது. நிலம் குத்தகை நிலம். மித்திரர் குடும்பத்தினருக்கு உரியது. இந்தச் சிறு செய்தியை நினைவில் வைத்திருங்கள், பின்னர் வேண்டியிருக்கும். ஒத்திகை முடிந்தபின் நடிகர்களோடு தாமும் கூடையில் மண் சுமந்து இருக்கைப் பகுதியின் பள்ளத்தை நிரப்பியதாக வினோதினி எழுதியிருக்கிறார். அரங்கிற்குத் தம் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு 'பி தியேட்டர்' என்று பெயரிடப்படும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். பதிவு செய்யும் நாளும் வந்தது. பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பியவர்களிடம் ஆவலோடு பெயரைக் கேட்டார். 'ஸ்டார்' என்றார்கள். பொதுமகளிர் குலத்தில் பிறந்த ஒருத்தியின் பெயர் வாயிலில் இருந்தால் கண்ணியமானவர்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சியே மாற்றினர் என்பர். அவர் தலைமை வேடம் பூண்டு நடிப்பதைக் காண அந்தக் கண்ணியமானவர்கள் திரண்டு வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா?

1883 ஜூலை 21-ஆம் நாள் 'தட்ச யாகம்' நாடகத்தோடு ஸ்டார் அரங்கம் திறக்கப்பட்டது. ஓராண்டு நிறைவதற்குள் குர்முக் ராய்க்கு உடல்நலம் குன்றியது. உறவினரின் நெருக்குதலும் மிகுந்தது. அரங்கை விற்றுவிட்டு விலக விரும்பினார். விலகும்போது வினோதினிக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும் என்றார். இதைத் தடுத்தவர் கிரீஷ் சந்திரர். சொத்தும் தொல்லையும் உங்களுக்கு எதற்கு என்று வினோதினியின் தாயாரிடம் பேசி அப்பங்கை வேண்டாமென்று சொல்லச் செய்தார் என்று அம்மையாரின் நூலால் அறிகிறோம். முடிவில் அமிர்தலால் போஸ், அமிர்தலால் மித்திரர், ஹரிபிரசாத் போஸ், தாசுசரண் நியோகி ஆகிய நால்வர் பெயருக்குப் பதினோராயிரம் ரூபாய்க்கு அரங்கம் கைமாறியது. கிரீஷ் சந்திரரும் பங்குதாரர் ஆகவில்லை. நாடக முதலாளி ஆவதில்லை என்று தம் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். கணக்கர் அல்லவா? முதலாளிகளின் கதி என்னவாகிறது என்பதை அவர் பேரேட்டில் கண்டவர்.

இவ்வரங்கில் 1884 ஆகஸ்டு 2-ஆம் நாள் 'சைதன்ய லீலை' அரங்கேறியது. வினோதினி அம்மையார் சைதன்யராக நடித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்சர் வந்து நாடகத்தைக் கண்டு, நடித்தவரை ஆசீர்வதித்துச் சென்றார். ஹாத்திபாகான் அரங்கைக் காட்டி, 'பரமஹம்சர் வந்த இடம் இதுதான்' என்று சொல்வோர் உளர். அது பொருந்தாது. பரமஹம்சர் 1886 ஆகஸ்டில் மகாசமாதி அடைந்தார். ஹாத்திபாகான் அரங்கம் எழுந்ததோ 1888-இல். அவர் வந்தது பீடன் தெரு அரங்கிற்கே.

இனி, முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன குத்தகை நிலத்திற்கு வருவோம். 1887-இல் மோதிலால் சீல் குடும்பத்து வாரிசாகிய கோபால்லால் சீல் என்னும் பெருஞ்செல்வருக்குத் தாமும் ஒரு நாடக அரங்கம் நடத்தவேண்டும் என்ற ஆசை பிறந்தது. புதிதாகக் கட்டுவதை விட, நன்றாக நடக்கும் அரங்கைப் பிடிப்பது எளிது என்று கண்டார். அரங்கை விலை கேட்கவில்லை. அதன் அடியிலிருந்த நிலத்தை வாங்கிவிட்டார். கட்டடத்துக்கு உரியவர்கள் நால்வர். அது நிற்கும் மண்ணுக்கு உரியவர் சீல். வழக்காடினால் ஆண்டுகள் கழியும்; அதுவரை கூட்டத்தாரின் வயிறு பொறுக்குமா? பேச்சு நடந்தது. கட்டடத்தை முப்பதினாயிரம் ரூபாய்க்குச் சீலுக்கு விற்க இசைந்தார்கள்.

இந்த உடன்படிக்கையில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டடத்தைக் கொடுத்தார்கள், 'ஸ்டார்' என்னும் பெயரைக் கொடுக்கவில்லை. செங்கல்லையும் மரத்தையும் பணத்தால் எழுப்பிவிடலாம். மக்கள் நாவில் பதிந்த பெயரை எழுப்ப ஆண்டுகள் வேண்டும் என்று அறிந்திருந்தார்கள். வணிக வழக்கில் இன்று நற்பெயர் உரிமை என்று எதை விலைமதிக்கிறார்களோ, அதைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டார்கள். பதினோராயிரத்துக்கு வாங்கியதை நான்கு ஆண்டுக்குள் முப்பதினாயிரத்துக்கு விற்று, விலைமிக்க சரக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டதை எண்ணினால், நாடகக்காரர்களுக்கு வணிகம் தெரியாது என்று சொல்லத் தோன்றுமா? 1887 ஜூலை 31-ஆம் நாள் பீடன் தெருவில் கடைசி ஆட்டம் நடைபெற்றது. ஹாத்திபாகானில் இடம் தேடிக் கட்டத் தொடங்கினார்கள்.

சீல் தம் அரங்கிற்கு 'எமரால்டு' என்று பெயர் சூட்டினார். மரகதம் என்று பொருள். திரைகளுக்கும் உடைகளுக்கும் வாரி இறைத்து அக்டோபர் 8-ஆம் நாள் திறந்தார். ஆயினும் நினைத்தபடி கூட்டம் சேரவில்லை. தாம் வாங்கியது கூடு, பறவை பறந்துவிட்டது என்று உணர்ந்தார். உடனே கிரீஷ் சந்திரருக்கு ஆள் அனுப்பினார். மாதச் சம்பளம் 350 ரூபாய். அதற்கு மேல் கையில் ரொக்கமாக 20,000 ரூபாய் போனஸ். சம்பளத்தைக் கொண்டு கணக்கிட்டால் அப்போனஸ் ஏறத்தாழ 57 மாத ஊதியம் ஆகும். அந்நாளில் ஒரு நாடக ஆசிரியருக்கு இத்தகைய தொகை கேள்விப்படாதது.

அவர் மறுத்திருந்தால் என்னவாகும்? இவரை விட்டுவிட்டு ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியே பணத்தால் இழுத்துக்கொள்ளச் சீல் ஆயத்தமாக இருந்தார். நூறு ரூபாயைக் கண்டறியாத நடிகனுக்கு முன் ஐந்நூறு ரூபாயை வைத்தால், எத்தனை பேர் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார்கள்? மற்றொரு புறம், ஹாத்திபாகானில் சுவர் பாதி எழுந்து நின்றது; விற்ற பணம் கட்டடச் செலவுக்குப் போதவில்லை. கிரீஷ் சந்திரர் சீலின் பத்திரத்தில் கையொப்பமிட்டார். இருபதினாயிரத்தை வாங்கினார். அதில் பதினாறாயிரத்தை அப்படியே ஸ்டார் கூட்டத்தாரிடம் கொடுத்துவிட்டார். வாங்கியதில் ஐந்தில் நான்கு பங்கு! எதிரியின் பணத்தைக் கொண்டே எதிரிக்குப் போட்டி அரங்கம் எழுந்தது. அப்பணத்துக்காக அவர் பங்கு கேட்கவில்லை.

இவ்வளவோடும் நிற்கவில்லை. 1888 மே 25-ஆம் நாள் ஹாத்திபாகானில் புதிய ஸ்டார் திறக்கப்பட்டபோது நடிக்கப்பட்ட நாடகம் 'நசீராம்'. அதை எழுதியவர் பெயர் 'சேவகன்' என்று விளம்பரமாயிற்று. சேவகன் யார்? எமரால்டில் மாதம் 350 ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த கிரீஷ் சந்திரரேதாம். ஒருவரிடம் ஊதியம் பெற்றுக்கொண்டு போட்டியாளருக்கு மறைவில் நாடகம் எழுதிக் கொடுப்பது முறையா என்று கேட்கலாம். முறையன்று என்றே நான் சொல்வேன். தம் சம்பளக்காரருக்கும் அவர் வஞ்சகம் செய்யவில்லை; எமரால்டுக்கென்று 'பூர்ண சந்திரன்', 'விஷாதம்' ஆகிய நாடகங்களை எழுதிக் கொடுத்தார். ஆயினும் பத்திரம் பத்திரமே. தாம் வளர்த்த பிள்ளைகள் புதுமனை புகும் நாளில் வெறுங்கையோடு இருக்க அவர் மனம் ஒப்பவில்லை போலும்.

செல்வருக்கு ஆசை வந்தது போலவே சலிப்பும் விரைவில் வந்தது. சீல் அரங்கைக் குத்தகைக்கு விட்டு ஒதுங்கினார். விடுபட்ட கிரீஷ் சந்திரர் 1889-இல் ஸ்டாருக்குத் திரும்பினார். அவ்வாண்டே அவருடைய புகழ்பெற்ற குடும்ப நாடகமாகிய 'பிரபுல்லா' அங்கே அரங்கேறியது.

கதை இங்கே முடிந்தால் இனிதாகத்தான் இருக்கும். ஆனால் 1891-இல், எந்த அரங்கின் சுவரில் தம் பதினாறாயிரம் ரூபாய் செங்கல்லாக இருந்ததோ, அந்த அரங்கின் உரிமையாளர்களே அவரை வேலையினின்று நீக்கினார்கள். அவருக்குப் பங்கு இல்லை. ஆகவே பேச இடமும் இல்லை. சம்பளக்காரரை நீக்க முதலாளிகளுக்கு உரிமை உண்டு. குர்முக் ராய் விலகிய நாளில், 'சொத்தும் தொல்லையும் எதற்கு?' என்று ஒரு தாயாரிடம் அவர் சொன்ன அறிவுரை, அவருக்கும் அப்படியே பலித்தது. அதன்பின் 1893 ஜனவரி 28-ஆம் நாள் மினர்வா அரங்கைத் தம் வங்க மொழிபெயர்ப்பாகிய 'மாக்பெத்' நாடகத்தோடு திறந்து வைத்தார். கற்றோர் புகழ்ந்தனர், வசூல் இல்லை. பின்னும் ஸ்டார், கிளாசிக், மினர்வா என்று அரங்கம் மாறி மாறி உழைத்து 1912 பிப்ரவரியில் மறைந்தார். அவர் வாழ்ந்த வீடு பாக்பஜாரில் அவர் பெயர் தாங்கிய சாலையின் நடுவே நிற்கிறது. சாலை இருபுறமும் பிரிந்து செல்கிறது. உயிரோடிருந்தபோது எத்தனையோ முறை இடம் பெயர்ந்தவரைப் பிற்காலத்துச் சாலை போடுவோர் பெயர்க்கவில்லை.

கிரீஷ் சந்திரரின் பதினாறாயிரத்தை வங்க நாடக வரலாறு எழுதுவோர் அனைவரும் போற்றுகின்றனர், போற்றத் தக்கதே. ஆனால் கணக்குப் பார்ப்பவர் வரவின் முதல் வரியையும் பார்க்க வேண்டும். பதினாறாயிரம் கிடைத்தது போனஸிலிருந்து; போனஸ் கிடைத்தது ஸ்டாரின் புகழால்; ஸ்டார் எழுந்தது குர்முக் ராயின் பணத்தால்; அந்தப் பணம் வந்தது வினோதினியால். அந்த முதல் வரியில் பெயர் எழுதப்படவில்லை. பங்கு இல்லை, பெயர்ப்பலகையில் எழுத்து இல்லை. 1887 பிறக்கும்போதே அம்மையார் நாடகத்தை விட்டு அகன்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றோ நான்கோதான். பின்னர் 1941 வரை வாழ்ந்தும் மேடை ஏறவில்லை. அவர் விலகியதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவர் எழுதியதைப் படிப்பவர் அந்தப் பெயர் மாற்றத்தின் வடு ஆறவே இல்லை என்பதை உணர்வர்.

அவர் மண் சுமந்த பீடன் தெரு அரங்கம் எமரால்டு ஆகி, 1897-இல் அமரேந்திரநாத் தத்தரின் கிளாசிக் ஆகி, பின்னர் கோஹினூர், மனோமோகன் என்று பெயர் மாறி, சென்ட்ரல் அவென்யூ என்னும் பெருஞ்சாலை வடக்கே நீண்டபோது இடிபட்டு மறைந்தது. ஹாத்திபாகான் அரங்கம் 1991-இல் தீக்கிரையாயிற்று. மாநகராட்சி பழைய முகப்பைக் காத்து 2004-இல் மீண்டும் திறந்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கு 'வினோதினி அரங்கம்' என்று பெயர் மாற்றுவதாக மாநில முதலமைச்சர் அறிவித்தார். பதிவு அலுவலகத்தில் மறுக்கப்பட்ட பெயர் 141 ஆண்டுகள் கழித்துப் பதிவாயிற்று. அதுவும் அம்மையார் ஒரு நாளும் நடித்திராத கட்டடத்தின் மீது.

விதான் சரணி வழியே போகும் சங்க அன்பர்கள் ஒருமுறை அங்கே நின்று பார்க்க வேண்டுகிறேன். பெரும்பாலும் திரைப்படங்களே அங்கே காட்டப்பட்டு வந்திருக்கின்றன. ஆயினும் முகப்பு பழையதுதான். பீடன் தெரு 68-ஆம் எண்ணைத் தேடிப் போகிறவர்களுக்கோ வண்டிகள் ஓடும் சாலைதான் கிடைக்கும்.